பெங்களூரில் பழைய டர்போ கார் தேடுகிறவர்களே, பானெட்டைத் திறந்தால் இன்ஜினை மட்டும் பார்க்காதீர்கள்

பத்து லட்சத்துக்குள் கொஞ்சம் வேகமான கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம் என்று இருப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய கார் ஷோரூமில் 6 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து நான் எடுத்த வண்டி, இப்போது அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கவர் போட்டு நிற்கிறது. ஓட்டப் பயமாக இருக்கிறது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வண்டியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. கம்பெனி அதை ஒழுங்காகத்தான் செய்து அனுப்பியிருக்கிறது. கெடுத்ததெல்லாம் நடுவில் வந்த கைகள்.

ஏன் பழைய வண்டி என்று கேட்பீர்கள். இந்த ரகத்தில் நல்ல வண்டி எதுவும் நம் ஊரில் நிலைப்பதில்லை. 2015இல் வந்த அபார்த் புன்டோவுக்கு 145 குதிரைசக்தி. ஆசைப்பட்டுப் பேசியவர்கள் ஆயிரம் பேர், காசு கொடுத்து வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். பலேனோ ஆர்எஸ் 2017இல் வந்து 2020இல் போய்விட்டது. டாட்டாவும் நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கம்பெனியும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, 6 லட்சத்து 39 ஆயிரம் எக்ஸ் ஷோரூம் விலைக்கு 114 குதிரைசக்தி கொடுத்தது. அதுவும் 2020இல் முடிந்தது. போலோ ஜிடியும் 2022இல் போலோவோடு சேர்ந்தே விடைபெற்றது. இதில் எது வேண்டுமென்றாலும் பழைய வண்டிதான் எடுக்க வேண்டும். புதிய டர்போ ஹாட்ச் எடுக்கலாமே என்றால், கர்நாடகாவில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கே ரோடு டாக்ஸ் 14 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் வேறு. ஆன்ரோடு விலையைப் பார்த்தாலே ஆசை பாதி இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மச்சான் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறான். அதைத் தகர டப்பா என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தவன் நான். 2018இல் குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் அதற்கு 2 நட்சத்திரம்தான் கிடைத்தது என்று பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவேன். எடை குறைந்த வண்டி பறக்கத்தான் செய்யும், அடிபட்டால் தெரியும் என்பேன். நான் எடுத்த மாடல் நல்ல நட்சத்திரம் வாங்கியது. வேகமும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது என்று ஒரே மிதப்பு. அந்த நட்சத்திரம் ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குத்தான் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

ஷோரூமில் நான் மனைவியோடு தமிழில் பேசுவதைக் கேட்டதும் அந்த ஆள் முகம் மலர்ந்தது. “எந்த ஊர் சார்?” என்றார். தர்மபுரி என்றேன். “அட, நமக்குக் கிருஷ்ணகிரி” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. டீ வந்தது. டிரைவர் கதவைத் திறந்து ஒரு முறை சாத்தினார். டும் என்று கனமான சத்தம். “இந்தச் சத்தம் எந்த வண்டியில சார் வரும்? கேட்டுக்கோங்க” என்றார். கேட்டுக்கொண்டேன்.

டெஸ்ட் டிரைவுக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கே கூட்டிப் போனார். டோல் காசையும் அவரே கட்டினார். மூன்றாவது கியரில் 50லிருந்து ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். இரண்டாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் டர்போ எழுந்து முதுகை சீட்டோடு வைத்து அழுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து மனைவி, “ஏங்க, மெதுவா” என்றாள். “ஸ்டேஜ் ஒன் ரீமேப் சார். பழைய ஓனர் 40 ஆயிரம் செலவு பண்ணிப் போட்டது. உங்களுக்கு சும்மா வருது” என்றார் ஊர்க்காரர்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது. டர்போ இல்லாத இன்ஜினில் அதை மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது. டர்போ இருந்தால் பூஸ்ட் அளவை, அதாவது அது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, லேப்டாப்பிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் கிளட்சும் கியர்பாக்ஸும் பிரேக்கும் கம்பெனி போட்ட அளவிலேயே நிற்கின்றன. இப்படிக் காசு போட்டு ரீமேப் செய்தவன் அதை எப்படி ஓட்டியிருப்பான், எங்கே கொண்டு போய் இடித்திருப்பான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேட்க அதுவே ஒரு சாக்கு. நானோ இலவசமாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் கடைசியில் வண்டி வீட்டுக்கு வந்தது. மே மாத மழை ஆரம்பித்த அன்று இடது முன் பக்க மேட் நனைந்திருந்தது. குடையிலிருந்து வடிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மழையிலும் அதே இடம். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சு ஊறிப்போய், பழைய ஈரத்துணி நாற்றம். அப்புறம் 80இல் போய் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுப்பதைக் கவனித்தேன். பொம்மனஹள்ளியில் அலைன்மென்ட் பார்க்கப் போனேன். கடைப் பையன் டயரின் உள்பக்கத்தைக் காட்டினான். வெளியே பட்டன் பட்டனாக இருந்த டயர் உள்பக்கம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. எவ்வளவு திருகியும் கேம்பர், அதாவது சக்கரம் சாயும் அளவு, கணக்குக்குள் வரவில்லை. “சார், இது அடிபட்ட வண்டியா?” என்று கன்னடத்தில் கேட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

வில்சன் கார்டனில் முப்பது வருஷமாக டிங்கரிங் பார்க்கும் ஒரு அண்ணனிடம் ஆபீஸ் நண்பன் கூட்டிப் போனான். அவர் இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்து, சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஏப்ரான் என்ற உள்தகட்டின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. “தம்பி, இங்க வாங்க. கம்பெனி வெல்டிங்னா புள்ளி புள்ளியா, ஒரே இடைவெளியில, தையல் போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பாருங்க, இருக்கா? இப்ப இந்தப் பக்கம் பாருங்க.” இடது பக்கத்தில் புள்ளியே இல்லை. மெழுகு ஒழுகி உறைந்த மாதிரி ஒரு கோடு. அதன் மேல் சீலன்ட்டை விரலாலேயே தடவி, கறுப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்த வழியும் அந்தச் சீலன்ட் விட்டுப்போன இடம்தான்.

அந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏப்ரானோடு சேர்ந்து முன்னால் நீளமாகப் போகும் இரும்புதான், இடிக்கும்போது அகார்டியன் மாதிரி மடங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. நட்சத்திரம் கொடுக்கும் சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைக் கொண்டு போய் மோதுவதும் இதைப் பார்க்கத்தான். எங்கே மடங்க வேண்டும், எங்கே மடங்கக் கூடாது என்று கணக்குப் போட்டு வைத்த எஃகு. அதை கேஸ் வைத்துக் காய்ச்சி, சுத்தியலால் நிமிர்த்தி ஒட்டினால் அந்தக் கணக்கு போச்சு. உயர்தர எஃகு சூடு பட்டால் பலம் இழக்கும். பார்க்க நேராக இருக்கும், அவ்வளவுதான். என் மச்சானின் தகர டப்பாவில் அந்த இரண்டு நட்சத்திரமாவது முழுசாக இருக்கிறது.

கதவுப் பேடைக் கழற்றச் சொன்னேன். டும் சத்தத்துக்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. உள்ளே தகட்டின் மேல் வெள்ளி நிறத்தில் டேம்பிங் ஷீட் ஒட்டியிருந்தது. ஸ்பீக்கர் மாட்டும் கடைகளில் கிடைக்கும் தார் ஷீட் அது. முன் கதவுகள் இரண்டிலும் இருந்தது, பின் கதவுகளில் இல்லை. வாங்க வருகிறவன் பின் கதவைச் சாத்திக் காது கொடுக்க மாட்டான் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

மோசமானது இனிமேல்தான். டாஷ்போர்டுக்கு லெதர் உறை போட்டு, சிவப்பு நூலில் தைத்திருந்தது. ஸ்போர்ட்டியாக இருக்கிறது என்று நான் போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன். டிங்கர் அண்ணன் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டார். ஏர்பேக் கம்ப்யூட்டரில் விபத்துப் பதிவு அழியாமல் அப்படியே இருந்தது. டாஷ்போர்டைக் கழற்றினால் பயணி பக்கத்து ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. வெடித்துத் திறந்த டாஷ்போர்டைப் பசை போட்டு ஒட்டி, அதை மறைக்கத்தான் லெதர். ஏர்பேக் ஒயரில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டர். சில ரூபாய் சாமான். ஏர்பேக் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்க அது போதும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கும் எரியாது. வீட்டில் வந்து சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இத்தனை நாளும் நான் உக்காந்த சீட்டுதானே அது?”

மீட்டர் குறைத்த கதையை நீட்டப் போவதில்லை. நான் வாங்கும்போது 38 ஆயிரம் காட்டியது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், இரண்டு வருஷம் முன்பே 71 ஆயிரம்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “பார்த்து, ஓட்டித்தானே சார் எடுத்தீங்க?” என்றார் ஊர்க்காரர். டெலிவரி நோட்டைக் காட்டினார். வண்டியை உள்ளபடியே பார்த்துத் திருப்தியாக எடுத்துக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. வேண்டுமானால் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். எடுத்து என்ன செய்வார்? இன்னொரு தர்மபுரிக்காரனுக்கு விற்பார். அதனால் கொடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் போட்டாகிவிட்டது. 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இப்படி மாட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள். வண்டியை விற்கவோ ரிப்பேர் செய்யவோ அவசரப்படாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. மறைத்து விற்ற பழுதுக்கு டெலிவரி நோட்டுக் கையெழுத்து கேடயமாகாது என்கிறார் வக்கீல். பார்ப்போம்.

நான் பார்த்திருக்க வேண்டியவை என்று இப்போது புரிவதைச் சொல்கிறேன். பழைய இன்சூரன்ஸ் பாலிசியை ஷோரூமிலேயே என் கையில் கொடுத்தார்கள். நாலைந்து வருஷ வண்டி, ஓனரும் மாறவில்லை, ஆனால் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யம். முந்தைய வருஷம் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று அந்தக் காகிதமே சொல்கிறது. நான் பார்த்ததெல்லாம் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், வேறொரு விளக்கோடு சொல்லிவைத்த மாதிரி சேர்ந்து அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் விளக்கு ஒழுங்காகவே வேலை செய்தது, ரெசிஸ்டர் புண்ணியம். அதனால் விளக்கை மட்டும் நம்பாமல் ஸ்கேனர் போட்டே ஆக வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கண்ணாடிகளில் இருக்கும் தேதிக் குறியீடு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா பாருங்கள்.

பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்றைப் பிறகு வாங்கினேன். ஃபாக்டரி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 200ஐத் தாண்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது, 500க்கு மேல் போனால் கீழே பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கதவு, ஒரு ஃபெண்டர் ரீபெயிண்ட் என்றால் நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். சில்க் போர்டு சிக்னலில் தினமும் நிற்கும் வண்டியில் ஆட்டோ உரசாத வண்டி ஏது? ஆனால் கூரையைத் தாங்கும் பில்லரிலும் கூரையிலும் எண் ஏறினால் இறங்கி வந்துவிடுங்கள். என் வண்டியின் இடது பில்லர் 640 காட்டியது.

அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், மாலை போட்ட அதே வண்டிக்கு முன்னால் அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு நானும் மனைவியும் சிரிக்கும் படம் போன வாரம்கூட வந்திருந்தது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். அது இருக்கட்டும். பெயிண்ட் மீட்டர் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மனஹள்ளி, எச்எஸ்ஆர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் கீழே எழுதுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.