பாறையா, மார்ல் மண்ணா? ஹோம்ஸ்டெட் பக்கம் தோட்ட நிலம் பார்ப்பவர்களுக்கு

புளோரிடாவின் தென்முனையில் இருக்கும் மயாமி-டேட் கவுண்டியில் மா, வாழை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாமே வெட்டவெளியில் வளரும். 2010 ஜனவரி மாதிரி எப்போதாவது ஒரு கடுங்குளிர் வந்து போகும், மற்றபடி தட்பவெப்பத்தைப் பற்றிக் கவலையில்லை. மண்ணைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வடக்கே மணல் உண்டு. அது வேறு கதை. ஹோம்ஸ்டெட், ரெட்லாண்ட் பக்கம் ஓர் ஏக்கர் தேடுகிறவர் முன்னால் இருப்பவை இரண்டுதான்: பாறை நிலம், அல்லது மார்ல் என்கிற வண்டல் மண். நாங்கள் பாறையை எடுத்தோம். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பாறை நிலத்துக்கு மண் வரைபடத்தில் ‘க்ரோம்’ என்று பெயர். நம்மூர் சுக்கான் பூமியைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். அடியில் கெட்டியான சுண்ணாம்புப் பாறை. போன நூற்றாண்டின் நடுவில் கனத்த கலப்பையால் அதன் மேற்பரப்பை உடைத்து நொறுக்கி, சில அங்குல ஆழத்துக்குச் சரளை மண் ஆக்கினார்கள். கையில் அள்ளினால் பாதிக்கு மேல் கல். ரெட்லாண்ட் என்ற பெயருக்குக் காரணமான செம்மண், பாறைக் குழிகளில் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கும்.

மார்ல் நேர் எதிர். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் ஓரத்துத் தாழ்வான பகுதிகளில், ஆழமில்லாத தண்ணீரில் பாசிகளின் வேலையால் படிந்த சுண்ணாம்பு வண்டல் அது. வெளிறிய சாம்பல் நிறம், மாவு போன்ற நைஸ். கல்லே இருக்காது, மண்வெட்டி சுகமாக இறங்கும். நனைந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

நிலம் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் பயமுறுத்துவது காரத்தன்மையைச் சொல்லித்தான். பிஎச் அளவு 7.4 முதல் 8.4 வரை இருக்கும், இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உண்மைதான், ஆனால் இரண்டு மண்ணிலும் இதே கதைதான். மரத்தடியில் சாதாரண இரும்பு சல்ஃபேட் போட்டால் வீண். கார மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும் இடிடிஎச்ஏ வகை இரும்பு கீலேட் உரத்தைக் கரைத்து வேரில் ஊற்ற வேண்டும். வாளித் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும், சட்டையில் பட்டால் கறை. துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் இலைமேல் தெளித்தால் போதும். மாங்கன்று வாங்கும்போது ‘டர்பன்டைன்’ என்ற மா ரகத்தின் வேர்க்கன்றில் ஒட்டியதா என்று கேளுங்கள். சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும்.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? என் கணக்கில் ஒரே விஷயம்தான்: செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது. வருஷத்துக்குச் சுமார் 60 அங்குல மழை, அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். நிலத்தடி நீர் சில அடிகளிலேயே இருக்கிறது. மழைக்காலக் கடைசியில் அது மேலே ஏறும்போது தாழ்வான மார்ல் நிலத்தில் தண்ணீர் வடிய இடமே இல்லை. அவகாடோ மரத்துக்கு வேரில் தண்ணீர் கட்டினால் சில நாள்கூடத் தாங்காது. வேரழுகல் வந்து மேலிருந்து காயத் தொடங்கும். முருங்கையும் பப்பாளியும் அதே ரகம். மா கொஞ்சம் பொறுக்கும். பாறை நிலம் மேட்டில் இருக்கிறது, அடிப்பாறை முழுக்கப் பொத்தல். பெருமழை விட்டதும் எங்கள் மரத்தடியில் சேறுகூட மிதிபடாது.

அதே பொத்தல்தான் மழையில்லாத மாதங்களில் செலவு வைக்கிறது. ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் நிற்காமல் இறங்கிவிடும். உரத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்துப் போட வேண்டும். டிசம்பர் முதல் மே வரை பாசனம் இல்லாமல் இளங்கன்று பிழைக்காது. கன்று நடக் கடப்பாரை பத்தாது, இயந்திரம் வைத்துப் பாறையில் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் வெட்டி, அவை சந்திக்கும் இடத்தில் நட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வேர் ஆழமாக இறங்கவும், புயல்காற்றில் மரம் சாயாமல் இருக்கவும் அந்த வாய்க்கால்தான் பிடிமானம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் தோப்புகளைச் சாய்த்தது இங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. மரத்தடியில் மரச்சீவல் மூடாக்கைக் கனமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் மேலே கொஞ்சம் கறுப்பு மண் உருவாகிறது.

இதெல்லாம் பணத்தாலும் உழைப்பாலும் சரிசெய்யக்கூடியவை. தேங்கும் தண்ணீரைத் தனி ஆள் எங்கே தள்ளிவிட முடியும்? மேடு கட்டி நடலாம்தான். மார்லில் மரம் வளர்த்த அனுபவம் எனக்கில்லை, நண்பர் ஒருவரின் நிலத்தில் மேட்டில் நின்ற மாமரங்கள் நன்றாகவே இருந்தன. மேட்டுக்கு மண் அடித்த செலவைக் கேட்டபோதுதான் தயங்கினேன்.

காய்கறிதான் குறி என்றால் நானே மார்லைத்தான் சொல்வேன். மழை ஓய்ந்த பிறகு, குளிர்காலப் பட்டத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், கல் பொறுக்கும் வேலையில்லை. உருளைக்கிழங்கு அதில் காலங்காலமாக விளைகிறது. பனை வகை நாற்றுப்பண்ணைக்காரர்களும் மார்லைத்தான் தேடுவார்கள். வேர் மண் உதிராமல் மரத்தைப் பெயர்த்தெடுக்கலாம்.

விலை பேசுமுன் அமெரிக்க வேளாண் துறையின் மண் வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இணையத்தில் இலவசம். ‘க்ரோம்’ என்று வந்தால் பாறை. ‘பிஸ்கேன்’ அல்லது ‘பெரின்’ என்று வந்தால் மார்ல். மார்ல் என்றால், மழைக்காலக் கடைசியில் ஒருமுறை நேரில் போய், வேலி ஓரத்தில் நீர்த்தடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.