‘மற்றும் பலர்’ வரிசையில் பாலையா

ரிச்சி தெருவுக்கு சார்ஜர் வாங்கப் போன இடத்தில், ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆகிய மூன்று படங்களும் அடங்கிய டிவிடி தொகுப்பு ஒன்றைப் பார்த்து, 200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். தொகுத்தவர் என்ன கணக்கில் இவற்றைச் சேர்த்தாரோ, எனக்கு அது நடிகர் டி.எஸ். பாலையாவின் தொகுப்பாகவே பட்டது. ஆனால் அட்டையில் அவர் முகம் இல்லை. பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட பட்டியலிலும் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அடங்கிப் போயிருக்கிறார்.

1914இல் பிறந்து நாடக மேடையில் பழகிய பாலையா, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் 1936இல் வில்லனாகத் திரைக்கு வந்தார், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம், அதில் அவருக்குக் கிடைத்தது சிறிய இன்ஸ்பெக்டர் வேடம். நெடுங்காலம் வில்லனாக மிரட்டிய பாலையா, ஐம்பதாவது வயதில் ‘காதலிக்க நேரமில்லை’யின் விசுவநாதனாக வந்து கொட்டகைகளைச் சிரிப்பால் அதிர வைத்தார். அடுத்த ஆண்டு ‘திருவிளையாடல்’ படத்தின் ஹேமநாத பாகவதர், 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் தவில் வித்வான் முத்துராக்கு. 1972இல் மறைந்தார்.

இம்மூன்று வேடங்களிலும் அவருடைய ஆகப் பெரிய திறமை, மற்றவர் பேசுவதையும் பாடுவதையும் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. நாகேஷ் திகில் கதை சொல்லச் சொல்ல, எஸ்டேட் முதலாளியின் மிடுக்கெல்லாம் கரைந்து அவர் குழந்தையாக ஒடுங்கிப் போகும் காட்சியில், கதையைவிட அவர் கண்களைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாண்டியன் சபையில் ‘ஒரு நாள் போதுமா’ என்று இறுமாந்து பாடிய பாகவதர் (குரல் பாலமுரளி கிருஷ்ணாவுடையது), இரவில் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு, அவன் தன்னோடு போட்டியிட வேண்டிய பாணபத்திரரிடம் மாணவனாகச் சேரக்கூடத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் என்பதை அறிந்து வெலவெலத்துப் போகும் இடமும் அப்படித்தான்.

தொகுப்பின் கோளாறும் சரியாக இதே இடத்தில் கை வைக்கிறது. ஏறத்தாழச் சதுரமான சட்டத்தில் எடுத்த படங்களை இன்றைய அகலத் தொலைக்காட்சிக்குப் பொருத்துவதற்காக, மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய கால் பங்கை வெட்டியிருக்கிறார்கள். நாயகனின் முகம் நடுவில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து தவில் வாசிப்பவரின் விரல்கள் பல இடங்களில் திரைக்குக் கீழே போய்விட்டன. போதாக்குறைக்கு, இரைச்சலை நீக்குகிறோம் என்று ஒலியை அளவுக்கு மீறிச் சுரண்டியதில், விசுவநாதன் பயத்தில் இழுக்கும் மூச்சும் முனகலும் பாதி காணாமல் போயின. பெரம்பூர் வீட்டில் அப்பா வைத்திருந்த கீறல் விழுந்த விசிடியில்கூட அவை கேட்கும்.

நிறங்களைக் குறை சொல்ல முடியாது; ‘தில்லானா’வின் பட்டும் நகையும் பளிச்சென்று இருக்கின்றன. சப்டைட்டில் கிடையாது.

வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே ஒருமுறை ஓடவிட்டு, நாதஸ்வரக் கச்சேரிக் காட்சியில் முத்துராக்குவின் கைகள் முழுதாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.