ஒரு மேசை மேலே ஏறினால் இறுக்கி ஆடுவதா, விரித்து ஆடுவதா?

லண்டனில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் போக்கரில் விவரமானவன். அவனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "அண்ணா, ஐம்பது பவுண்டு மேசையிலிருந்து நூறு பவுண்டு மேசைக்கு ஏறலாம்னு இருக்கேன். கைகளைக் குறைச்சு இறுக்கி ஆடட்டுமா, அங்க இருக்கிறவங்க மாதிரி விரிச்சு ஆடட்டுமா?" அவன் சொல்வது மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, அதாவது பை-இன். நானும் 5/10 ரூபாய் மேசையிலிருந்து (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் வைக்கும் தொகை: சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10) 10/20க்குப் போனபோது இதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தேன். இறுக்கி ஆடுவது என்று முடிவு செய்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவது 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தோடு முடிந்தது; ஆப்கள் பண மேசைகளை மூடிவிட்டன. ஆந்திரப் பக்கம் நகரியில் இருக்கும் என் மச்சினனுக்கு 2020லேயே கதவு அடைத்தாகிவிட்டது. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்களுக்கு அது ஐந்து வருஷம் தள்ளி நடந்தது. இப்போது நான் ஆடுவதெல்லாம் காசில்லாத சிப் மேசைதான். வெளிநாட்டுத் தளங்களில் சுற்றுவழியாக நுழைய நினைப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. போட்ட பணம் திரும்பி வரும் என்ற உறுதியும் கிடையாது. பணம் வைத்து ஆடச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்காகவும், கணக்குப் பிடித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆறு பேர் உட்காரும் மேசையில் இறுக்கி ஆடுபவர் நூறு கைக்கு (கை என்றால் நமக்கு விழும் இரண்டு சீட்டு, அதை வைத்து ஆடும் ஒரு ஆட்டமும்) இருபது, இருபத்திரண்டு கைகளில்தான் பணம் போடுவார். விரித்து ஆடுபவர் இருபத்தெட்டு, முப்பது வரை போவார். இரண்டு பேருமே முரட்டுத்தனமாக ரெய்ஸ் செய்யக்கூடியவர்கள்தான், அதாவது தொகையை ஏற்றுகிறவர்கள்தான். எத்தனை கைகளோடு உள்ளே இறங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மேல் மேசையில் என்ன மாறும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். சும்மா கால் செய்து (எதிராளி வைத்த அளவே போட்டு) பார்ப்பவர்கள் குறைவார்கள். நம் ரெய்ஸ் மேல் த்ரீ-பெட், அதாவது மறு ரெய்ஸ், அடிக்கடி விழும். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு) பெரிய பெட் வந்தால் அது எப்போதும் பெரிய கைதான் என்று சொல்ல முடியாது.

விரித்து ஆடுவதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல கைக்கு மட்டுமே உள்ளே வருகிறவரை ரெகுலர்கள் (அந்த மேசையில் வழக்கமாக ஆடுபவர்கள்) சீக்கிரம் அடையாளம் கண்டு விலகிவிடுவார்கள். பெரிய கைக்குக் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்காமல் போகும். எங்கள் ஊரில் எல்லோரும் 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். மேசையில் என்ன விழுந்தது, யார் எதை ஒளிக்கிறார் என்று நினைவில் வைக்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். அந்த நினைவாற்றல் உள்ளவர்கள் விரித்து ஆடினால் எதிராளியை நன்றாகவே படிப்பார்கள். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்) உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் விரிப்பதில் எனக்கும் ஆட்சேபம் கிடையாது.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது ரேக். ஜெயித்த பாட், அதாவது மேசை நடுவில் சேர்ந்த பணம், அதிலிருந்து தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. பெரும்பாலான தளங்களில் 5 சதவீதத்தை ஒட்டி, ஒரு உச்சவரம்போடு இருக்கும். 10/20 மேசையில் வைத்துக் கணக்குப் போடுவோம். நூறு கைக்கு ஐந்து கை கூடுதலாக ஆடுகிறோம். அந்தக் கைகளின் பாட் சராசரியாக 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் 20 ரூபாய் ரேக், மொத்தம் 100. பாதியை நாம் ஜெயித்தால் நம் பங்கு 50 ரூபாய், அதாவது இரண்டரை பெரிய பிளைண்ட். இந்த ஆட்டத்தில் நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் லாபம் பார்ப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்றே சொல்வார்கள். விளிம்பில் இருக்கும் அந்த ஐந்து கைகள் நல்ல ஆட்டக்காரரின் லாபத்தில் பாதி அளவுக்கு ரேக் கட்டுகின்றன. அந்தக் கைகளில் சம்பாதிப்பது அதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆடியதற்கு அர்த்தம். பெரும்பாலும் இருக்காது. ஏனென்றால் அவை ஏற்கெனவே லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாத கைகள்.

இது கண்ணுக்குத் தெரியாத செலவு. தோற்ற பாட் மனதில் நிற்கும். ஜெயித்த பாட்டிலிருந்து போன இருபது ரூபாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சால்வர் (ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) போட்டுக் கொடுக்கும் அட்டவணைகளைப் பார்த்து விரித்து ஆடுகிறவர்கள், அந்த அட்டவணை ரேக் சேர்த்துக் கணக்கிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரேக் இல்லாமல் கணக்கிட்டால் ஆடக்கூடிய கைகள் அதிகமாகத்தான் தெரியும்.

ஒரு கையை நெருக்கத்தில் பார்ப்போம். நாம் சின்ன பிளைண்டில் 10 ரூபாய் வைத்திருக்கிறோம். பட்டனில் இருப்பவர் 50க்கு ரெய்ஸ் செய்கிறார். நம் கையில் இஸ்பேட் ராணியும் ஆட்டின் ஒன்பதும். கீழ் மேசையில் இதைக் கால் செய்பவர்கள் நிறைய. பாட் தொகை 80, நாம் போட வேண்டியது 40. மூன்றில் ஒரு பங்கு வெல்லும் வாய்ப்பு இருந்தால் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் நமக்குப் பின்னால் பெரிய பிளைண்ட் இன்னும் பேசவில்லை. மேல் மேசையில் அவர் மேலே ஏற்றி அழுத்துவது சகஜம். அவர் ஒதுங்கினாலும் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) முதல் ரிவர் வரை நாம்தான் முதலில் பேச வேண்டும். அதையும் தாண்டி ஜெயித்தால் ரேக் கழியும். அதனால் ஃபோல்டு, அதாவது கையை விட்டுவிடுவது. அதே இடத்தில் ஏஸ்-ஜாக் வந்தால் கால் செய்யாமல் 200க்கு ஏற்றிவிடுவேன். பெரும்பாலான தளங்களில் ஃப்ளாப் விழாமல் முடியும் கைக்கு ரேக் கிடையாது. இருவரும் ஒதுங்கினால் மேசையில் கிடக்கும் 70 ரூபாயும் முழுசாக நமக்கு. சின்ன பிளைண்டில் ஏற்று, இல்லாவிட்டால் ஃபோல்டு செய். கால் செய்வதை மறந்துவிடலாம். மேலே ஏறும்போது நான் செய்த மாற்றங்களில் மிகவும் உதவியது இதுதான். பெரிய பிளைண்டில் கதை வேறு. அங்கே 30 போட்டால் 110 ரூபாய் பாட், நமக்குப் பின்னால் யாரும் இல்லை. கொஞ்சம் தாராளமாகவே கால் செய்யலாம்.

இந்தியாவில் இன்னொரு வெட்டும் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணத்தின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் போட்டால் 219 ரூபாய் வரிக்கே. பல ஆப்கள் அதை போனஸாகத் திருப்பிக் கொடுத்தன என்றாலும், அடிக்கடி காலியாகி மறுபடி பணம் போடும் ஆட்டம் எவ்வளவு செலவு வைக்கும் என்று அது காட்டிக்கொடுத்தது. தம்பிக்கு அந்தச் சுமை இல்லை. பிரிட்டனில் ஆட்டக்காரர் ஜெயித்த பணத்துக்கு வரியும் கிடையாது. ரேக் மட்டும் அங்கேயும் உண்டு.

'நான் இறுக்கி ஆடினேன், ஜெயித்தேன், அதனால் அதுதான் சரி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு பேர் மேசையில் நூறு கைக்கு ஏற்ற இறக்கம் சுமார் 100 பெரிய பிளைண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். கை நூறு மடங்கானால் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் ஆகும். எனவே பத்தாயிரம் கை ஆடினால் அது ஆயிரம் பிளைண்ட், பை-இன்னுக்கு நூறு பிளைண்ட் என்று வைத்தால் பத்து பை-இன். நூறு கைக்கு ஐந்து என்ற கணக்கில் நல்ல ஆட்டக்காரருக்கு அதற்குள் வர வேண்டிய லாபம் ஐந்நூறு பிளைண்ட்தான். அப்படிப்பட்டவரே பத்தாயிரம் கைக்குப் பிறகு நஷ்டத்தில் நிற்க மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வாய்ப்பு இருக்கிறது. என் சொந்த வரவு செலவை நான் சாட்சியாகக் கொண்டுவராததற்கு இதுதான் காரணம். சீட்டு எப்படி விழுந்தாலும் ரேக் கணக்கு மாறாது. ஐம்பது பை-இன் கையில் இல்லாமல் ஏற வேண்டாம், பத்து போய்விட்டால் கீழே இறங்கிவிட வேண்டும் என்று நான் வைத்திருந்த எல்லையும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்வேன். அது ரிவரில். பாட் தொகை 800, ரெகுலர் ஒருவர் 400 போடுகிறார். நாம் 400 போட்டு ஜெயித்தால் 1200 வரும். நான்கில் ஒரு தடவை நம் கை ஜெயித்தாலே முதல் தேறிவிடும். கீழ் மேசைப் பழக்கத்தில் இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஃபோல்டு செய்துகொண்டிருந்தால் மேல் மேசைக்காரர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதுவரை வாய் திறக்காமல் கால் மட்டும் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்தால் மட்டும் பழைய விதியே: ஃபோல்டு செய்துவிட வேண்டும்.

என் பேச்சுக்கு ஒரு எல்லை உண்டு. 25/50க்கு மேல் நான் ஆடியதில்லை, அதிலும் கொஞ்சம்தான். ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால் மேலே போகப் போக அதன் கனம் குறையும். வரம்பு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5/10 மேசையில் அது மூன்று பெரிய பிளைண்ட். 50/100 மேசையில் ஒரு பிளைண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த உயரத்தில் விரித்து ஆடுபவர்கள் பக்கம் நியாயம் கூடும் என்று கணக்கு சொல்கிறது. அங்கே இருக்கும் எதிராளிகளை நான் பார்த்துப் பழகவில்லை, அதனால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு எழுதிய பதிலில் இதைத்தான் சொன்னேன். உன் தளத்தின் ரேக் அட்டவணையைத் திற, ஐம்பது பவுண்டு மேசையிலும் நூறு பவுண்டு மேசையிலும் உச்சவரம்பு எத்தனை பெரிய பிளைண்ட் வருகிறது என்று பார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒரு கைகூட விரிக்காதே. பாதியாகக் குறைந்திருந்தால் பட்டனிலிருந்து மட்டும் ஆரம்பி. சின்ன பிளைண்டைத் தொடாதே.