லுவாங்வா ஆற்றங்கரையில் எட்டு ஆண்டுகள்: எவை தாங்கின, எவை போயின

ஜாம்பியாவில், தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்கு எதிர்க்கரையில், ஆறு கூடாரங்கள் கொண்ட ஒரு சிறிய சஃபாரி விடுதியை 2017 முதல் நடத்தி வருகிறேன். இதுபோல விடுதி தொடங்க நினைக்கிறவர்கள் என்ன பம்பு வாங்கினீர்கள், என்ன பேட்டரி, என்ன வண்டி என்று அடிக்கடி கேட்கிறார்கள். முதல் வருடம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். எட்டு மழைக்காலம் பார்த்தாயிற்று. இப்போது சொல்வதைக் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

முதலில் இடம். பூங்கா 9,050 சதுர கிலோமீட்டர். 1972இல் தேசியப் பூங்காவானது. சுற்றிலும் வேலி கிடையாது. பூங்காவின் பெரும்பகுதி ஆற்றுக்கு மேற்கே. கிழக்கே நாங்கள், ம்ஃபூவே ஊர், சோள வயல்கள், பள்ளிக்கூடம் எல்லாம். யானைக்கு ஆறு ஒரு எல்லையே இல்லை. அக்டோபரில் தண்ணீர் வற்றியதும் நடந்தே வந்துவிடும். ஆகவே இங்கே நீங்கள் வாங்கி வைக்கிற ஒவ்வொரு பொருளையும் விருந்தினரோடு யானை, பபூன், நீர்யானை, கரையான், வெயில், ஆறு ஆகியவையும் பயன்படுத்தும். விற்கிறவருக்கு அது தெரியாது.

நான் செய்த பெரிய தவறு சமையலறை. சிமெண்ட் கல் வைத்து, தரைக்குக் கான்கிரீட் போட்டு, நூறு வருடம் நிற்கும் என்று கட்டினோம். அப்போது கரை நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. லுவாங்வாவின் குறுக்கே அணை எதுவும் இல்லை. மழைக்காலத்தில் அது தன் இஷ்டப்படி ஓடும். வளைவின் வெளிப்புறத்தை அரித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பழைய வளைவைக் கைவிட்டு நேராகப் பாயும். விட்டுப்போன வளைவுகள் குதிரை லாட வடிவில் ஏரிகளாக நிற்பதைப் பூங்கா முழுக்கப் பார்க்கலாம். இதெல்லாம் தெரிந்தேதான் கட்டினேன், நம் பக்கம் வராது என்ற நினைப்பில். 2019 மழை முடிந்து ஏப்ரலில் திரும்பி வந்தபோது முதல் கூடாரத்தின் மேடைக்கு முன்னால் நின்ற பெரிய மரம் ஆற்றில் கிடந்தது.

கூடாரங்களைக் காப்பாற்றியது மரச்சட்டங்களும் போல்ட்டுகளும்தான். ஒரு மேடையைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய்ப் பூட்ட எட்டுப் பேருக்கு இரண்டு நாள் ஆனது. சமையலறையை அப்படிக் கழற்ற முடியாது. அது இன்னும் அதே இடத்தில் நிற்கிறது, கரைதான் அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த அரிப்பை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை. புதிதாக வெட்டுப்பட்டுச் செங்குத்தாக நிற்கிற மண்கரையில்தான் கார்மைன் பஞ்சுருட்டான்கள் கூடு தோண்டும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். கரை முழுவதும் பொந்துகள்; காலை வெயில் பட்டதும் கரையே சிவப்பாகிப் பறப்பது போல இருக்கும். அந்தப் பறவைகளுக்காகவே தேதி குறித்து வருகிறவர்கள் உண்டு. என் சமையலறையைத் தின்கிற அதே ஆறுதான் அவற்றுக்கு வீடு கொடுக்கிறது.

அடுத்து தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் சூரிய ஒளியில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பு போட்டோம். பகலில் ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்பும், இரவுக்குத் தானாக இறங்கும். எட்டு வருடத்தில் ஒருமுறைதான் பம்பை மாற்றினேன். குழாய்தான் தொல்லை. முதலில் ஒரு அடி ஆழத்தில் புதைத்தோம். இணைப்பில் லேசாகக் கசிந்தாலும் யானைக்கு வாசனை தெரிந்துவிடுகிறது. காலால் உதைத்து, தும்பிக்கையை விட்டு, குழாயை நார் உரிப்பதுபோல இழுத்துப் போட்டுவிடும். 2018 அக்டோபரில் ஒரே மாதத்தில் நான்கு முறை. விருந்தினர் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் நின்றுபோனது. வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தோம். குழாயை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கினோம், இடையில் இணைப்பே வராதபடி நீளச் சுருளாக வாங்கினோம். தொட்டியில் வழிகிற நீரை விடுதிக்கு வெளியே ஒரு பள்ளத்தில் விட்டோம். யானைகள் இப்போது அங்கே போய்க் குடிக்கின்றன. அதன் பிறகு இரண்டே முறைதான் குழாய் உடைந்தது. இன்னொன்று, விருந்தினர் யாரும் ஆரஞ்சு, எலுமிச்சை கொண்டுவரக் கூடாது. அந்த வாசனைக்கு யானை கூடாரத்தையே கிழிக்கும். வந்து இறங்கும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறோம். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

வெந்நீருக்குக் கூரையில் கண்ணாடிக் குழல் வைத்த சோலார் ஹீட்டர் போட்டிருந்தேன். பபூன்கள் மரத்திலிருந்து கூரைக்குக் குதித்து விளையாடும். ஒரு பருவத்திலேயே பாதிக் குழல்கள் உடைந்தன. இப்போது இந்தப் பக்கத்து விடுதிகளில் எல்லாரும் வைத்திருக்கிற ‘டாங்கி பாய்லர்’தான்: செங்கல் அடுப்பின் மேல் படுக்க வைத்த இருநூறு லிட்டர் இரும்பு டிரம். யானைகள் சாய்த்துப் போட்டுக் காய்ந்துபோன மொபானே மரத்தைத்தான் எரிக்கிறோம். பச்சை மரத்தில் கை வைப்பதில்லை. டிரம் துருப்பிடித்தால் ஊரிலேயே வெல்டிங் செய்துவிடலாம்.

மின்சாரத்தில் நான் பணம் இழந்தேன். கம்பி வழி மின்சாரம் எங்களுக்குக் கிடையாது. முதலில் ஈய அமில பேட்டரிகள் வாங்கினேன். பத்து வருடம் வரும் என்றார்கள். மூன்றாம் வருடமே தாங்கவில்லை. அந்த வகை பேட்டரி 25 டிகிரி வெப்பத்தை வைத்து ஆயுள் கணக்கிடப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். எங்கள் அக்டோபர் 40 டிகிரியைத் தாண்டும். பேட்டரி அறைக்குத் தகரக் கூரை போட்டிருந்தேன். உள்ளே எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். 2021இல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினேன். அதைவிட முக்கியம், அறையைத் தடித்த மண்சுவரும் புல்கூரையுமாக மரநிழலில் கட்டினோம். இதுவரை ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கூடாரத்திலும் விசிறி ஓடும், விளக்கு எரியும். தலைமுடி உலர்த்திக்கும் கெட்டிலுக்கும் மட்டும் அனுமதி இல்லை.

2024இல் வேறொரு பாடம். மழை பொய்த்து கரீபா நீர்த்தேக்கம் இறங்கியதும், நீர்மின்சாரத்தையே நம்பியிருக்கும் இந்த நாட்டில் பல ஊர்களில் நாளுக்குச் சில மணி நேரம்தான் மின்சாரம் வந்தது. எங்களிடம் மின்சாரம் இருந்தது. ஆனால் நாங்கள் இறைச்சி வாங்கும் நகரத்துக் கடைகளில் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள சிப்பாட்டாவிலிருந்து வந்த கோழி இரண்டு முறை கெட்டுப்போயிருந்தது. அதன் பிறகு ஒரு உறைபெட்டி கூடுதலாக வாங்கினோம். கீரை, தக்காளி, பூசணித் தளிர் எல்லாம் ஊர்ப் பெண்கள் தோட்டத்திலிருந்து. அது ஒருநாளும் தவறியதில்லை.

வண்டி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேண்ட் குரூஸர் 79, டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் எஞ்சின். ம்ஃபூவேயில் மரத்தடியில் வைத்து அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வேறு காரணம் தேவையில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் ஒரு மெல்லிய வலை கட்டுங்கள். மழைக்குப் பின் உயர்ந்து நிற்கிற புல்லின் விதைகள் அடைத்துக்கொண்டு எஞ்சின் சூடேறும். சிங்கம் பக்கத்தில் படுத்திருக்கும்போது இறங்கி அதைச் சுத்தம் செய்ய முடியாது.

கூடாரத்தில் முதலில் போவது ஜிப். தூசி ஏறிப் பல் தேயும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறோம். ஐந்து வருடம் வந்தது. 2020இல் விருந்தினரே இல்லாமல் போனபோது கூடாரங்களைக் கழற்றி அடுக்கினோம். உத்தரத்தில் தொங்கவிட்டவை பிழைத்தன. தரையில் பலகை மேல் வைத்த இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வருடம் எல்லாருக்கும் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. சோளம் விதைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

எங்கள் நாள் நாலரை மணிக்குத் தொடங்கும். அடுப்பு மூட்டி, ஐந்து மணிக்குக் கஞ்சியும் தேநீரும். பூங்கா வாசல் திறக்கும் ஆறு மணிக்கு வண்டி பாலத்தில் நிற்க வேண்டும். பத்தரைக்குத் திரும்பி வந்து சாப்பாடு, வெயிலில் ஓய்வு, நான்கு மணிக்கு மறுபடி. இருட்டிய பின் விளக்கடித்துச் சிறுத்தை தேடி, எட்டு மணிக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். கடைசி விருந்தினர் கூடாரத்துக்குள் போகும்வரை நான் படுப்பதில்லை.

அந்தக் கடைசி நூறு மீட்டர்தான் இந்த வேலையில் கடினமானது. நீர்யானைகள் இரவில் எங்கள் புல்லை மேய வரும். விருந்தினர் தனியாக நடக்கக் கூடாது, காவலர் கூட்டிப்போவார். எங்கள் மூத்த காவலரை எல்லாரும் பம்போ என்றுதான் அழைக்கிறோம். இந்தப் பக்கத்து மொழியான சின்யாஞ்சாவில் அப்பா, பெரியவர் என்று பொருள். அவர் என்னை அமாய் என்பார், அம்மா. ஒருநாள் இரவு உணவுக்குப் பின் ஆறு பேர் கிளம்பி நிற்கிறார்கள். அவர் டார்ச்சைக்கூடப் போடவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அமாய், இரண்டாம் கூடாரத்துப் பக்கம் மேய்கிறது. இன்னும் முடிக்கவில்லை. உட்காருங்கள்” என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பிறகு அவரே எழுந்தார். போகும் வழியில் புல் மழுங்க மேயப்பட்டிருந்தது, பெரிய காலடிகள் ஈரமாக இருந்தன.

அவருக்கு நல்ல டார்ச் வாங்கிக் கொடுப்பதற்கே எனக்கு மூன்று வருடம் ஆனது. பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய வகை ஒரு வருடத்தில் போய்விடும், திறக்கவே முடியாது. கழற்றி மாற்றுகிற செல் போட்டது ஐந்தாவது வருடமாக ஓடுகிறது. இரண்டு உதிரி செல்கள் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

போன வாரம் நானும் பம்போவும் கரையை அளந்தோம். சமையலறைச் சுவருக்கும் கரை விளிம்புக்கும் இடையில் பதினோரு மீட்டர். புதிய சமையலறைக்குப் பின்பக்கம், மொபானே மரங்களுக்கு நடுவில் முளை அடித்திருக்கிறோம். மரச்சட்டம், போல்ட், புல்கூரை. பழையதை இடித்து வருகிற கல்லை வண்டிப்பாதையின் பள்ளங்களில் போட வேண்டும். நவம்பர் மழைக்கு முன் முடித்தாக வேண்டும். இந்த வேலையில் அனுபவம் உள்ள தச்சர் ஒருவர் ஊரில் இருக்கிறார், நாளை காலை வருகிறார்.