பிச்சாவரத்தை வெல்வெட்டில் வரைய: சாயமா, அரிப்பா?

சாயம் மட்டும் போதுமென்றால் வேலை எளிது. ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து ஓடும். கடலூர் வெள்ளிக் கடற்கரையின் வானமும் கடலும் இதில் அழகாக வரும்.

பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்களுக்கு என் ஓட்டு அரிப்பு முறைக்குத்தான், அதாவது துணியின் ஓர் இழையை மட்டும் அமிலப் பசையால் கருக்கி நீக்கும் முறைக்கு. பட்டு அடித்துணியில் விஸ்கோஸ் இழை (மரக்கூழிலிருந்து செய்வது) நிமிர்ந்து நிற்கும் வெல்வெட் வேண்டும். சோடியம் பைசல்பேட் பசையைத் தடவி, காய்ந்ததும் இஸ்திரி போட்டால் விஸ்கோஸ் பழுப்பேறிக் கருகும், அலசினால் உதிரும். பட்டு தப்பிவிடும். வெளிச்சம் ஊடுருவும் இடம் கால்வாய், இழை நிற்கும் இடம் வேர். அப்புறம் அமிலச் சாயம் கொடுத்தால் பட்டு மட்டும் நிறமேறும். சாயம் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆழம் கிடைக்காது.

முழுப் பருத்தி வெல்வெட்டில் முயன்றால் அடித்துணியும் சேர்ந்து கருகி ஓட்டைதான் மிஞ்சும்! பாலியஸ்டர் அசையவே அசையாது. பசை அமிலம் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.