80 மணி நேரத்தில் தேறி, 40 மணி நேரத்தில் கோட்டை விடுகிறார்கள்: கலிபோர்னியா முதியோர் இல்ல நிர்வாகிப் பயிற்சி, ஒரு மதிப்பீடு

கலிபோர்னியாவில் அசிஸ்டட் லிவிங் என்று பலகை வைத்திருக்கும் முதியோர் இல்லங்களுக்குச் சட்டப்படி வேறு பெயர்: ஆர்.சி.எஃப்.இ. (ரெசிடென்ஷியல் கேர் ஃபெசிலிட்டி ஃபார் தி எல்டர்லி). ஃப்ரீமான்ட் தெரு ஒன்றில் ஆறு பேர் தங்கும் சாதாரண வீடாக இருந்தாலும், சான் டியேகோவில் நூறு பேர் தங்கும் கட்டடமாக இருந்தாலும் சான்றிதழ் பெற்ற நிர்வாகி ஒருவர் கட்டாயம் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான வகுப்பை அரசு நடத்துவதில்லை. மாநில சமூக சேவைத் துறையின் அனுமதி பெற்ற தனியார் பயிற்சியாளர்கள் நடத்துகிறார்கள். எல்லோரும் விற்பது ஒரே 80 மணி நேரம்தான். சரக்கில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2015 வரை 40 மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2013 அக்டோபரில் காஸ்ட்ரோ வேலியில் ஓர் இல்லத்தை மூட அரசு உத்தரவிட்டது. சம்பளம் வராத ஊழியர்கள் பெரும்பாலும் கிளம்பிப் போய்விட, எஞ்சிய முதியவர்களைச் சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சட்டங்கள் வரிசையாக வந்தன. 2016 ஜனவரி 1 முதல் பயிற்சி 80 மணி நேரம், தேர்வில் 100 கேள்விகள், தேற 70 சதவீதம் என்று ஆனது. நேரத்தை இரட்டிப்பாக்கியதில் பாதி வீண் என்று புலம்புகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மருந்து, சேர்க்கை, மறதி நோய் ஆகிய மூன்றை மட்டும் ஒழுங்காக நடத்தினாலே பழைய 40 மணி நேரம் போதாது.

நல்ல வகுப்பை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்: "இன்சுலின் போடும் ஒருவரைச் சேர்க்கலாமா?" "சேர்க்கலாம்" என்றோ "முடியாது" என்றோ ஒரே சொல்லில் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அவரே சோதித்து அவரே போட்டுக்கொள்ள முடிந்தால் சேர்க்கலாம். முடியாவிட்டால் நர்ஸ் போன்ற உரிமம் பெற்ற ஒருவர் ஒவ்வொரு முறையும் வந்து போட வேண்டும். இல்லத்தில் வேலை செய்யும் பராமரிப்பாளர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், ஊசியைத் தொடக் கூடாது. இந்த இல்லங்களுக்கான மாநில விதிகள் அடங்கிய டைட்டில் 22 தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒவ்வொரு நிலைமையாகப் பிரித்துச் சொல்கிறவர்தான் காசுக்கு ஏற்ற ஆசிரியர்.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். முதல் இரண்டு நிலைகள் என்றால் மருத்துவப் பணியாளர் கவனிப்போடு வைத்துக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் நிலைப் புண், மூக்குக் குழாய் உணவு, தொண்டையில் துளையிட்ட சுவாசக் குழாய் ஆகியவை தடைப்பட்டியலில் இருக்கின்றன. ஹாஸ்பிஸ் (கடைசிக்காலப் பராமரிப்பு) அனுமதி, தனி விலக்கு என்று சில வாசல்கள் உண்டு. அவை எப்போது திறக்கும் என்பதையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும். புது நிர்வாகிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்: மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக அனுப்பப்படும் ஒருவரை, எல்.ஐ.சி. 602ஏ என்ற அரசுப் படிவத்தில் வரும் மருத்துவ அறிக்கையைச் சரியாகப் படிக்காமல் சேர்த்துவிடுவது. மாதிரி 602ஏ படிவத்தைக் கையில் கொடுத்து "இவரைச் சேர்ப்பீர்களா, ஏன்?" என்று எழுதச் சொல்லும் வகுப்புகளுக்கு எங்கள் முழு மதிப்பெண். ஸ்லைடை வரி வரியாக வாசித்துவிட்டு, தேர்வுக்கு வரும் கேள்விகள் என்று ஒரு தாளை நீட்டும் வகுப்புகள், மன்னிக்கவும், வருகைப் பதிவேடு விற்கின்றன.

வகுப்பு முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 60 நாளுக்குள் தேர்வில் தேற வேண்டும், மூன்று வாய்ப்புகள். தவறினால் 80 மணி நேரமும் முதலிலிருந்து. தேறிய தகவல் வந்த 30 நாளுக்குள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது கெடுவைக் கவனிக்காமல் "பாஸாகிவிட்டோமே" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைரேகைப் பதிவான லைவ் ஸ்கேனையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு குழப்பங்களைப் பயிற்சியாளர்கள் விளம்பரத்தில் வேண்டுமென்றே தெளிவுபடுத்துவதில்லை. ஒன்று, நிர்வாகிச் சான்றிதழ் வேறு, இல்லத்துக்கான லைசென்ஸ் வேறு. சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதற்காக வீட்டு வாசலில் பலகை மாட்ட முடியாது. இரண்டு, 18 முதல் 59 வயதுக்காரர்களுக்கான இல்லங்களுக்குத் தனி வகுப்பு, தனிச் சான்றிதழ். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் தவறான வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு விழிக்கிறவர்கள் உண்டு.

அதோடு, வகுப்பு மட்டும் போதாது. வயது 21, பள்ளிப் படிப்பு அல்லது அதற்கு இணையான தேர்ச்சி என்பது அடிப்படை. 16 பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் இல்லம் என்றால் ஒரு வருட அனுபவமும் 15 கல்லூரி யூனிட்டும் கேட்பார்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, மூன்று வருட அனுபவம். பெரிய இல்லத்தில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நர்சிங் ஹோம் நிர்வாகி லைசென்ஸ் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 12 மணி நேரச் சுருக்க வகுப்பே போதும். அவர்களிடமும் 80 மணி நேரத்தை விற்கப் பார்க்கும் இடங்களைத் தவிர்க்கவும்.

இனி தொடர்கல்வி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 40 மணி நேரம். அதில் 8 மணி நேரமாவது மறதி நோய்ப் பராமரிப்பில் இருக்க வேண்டும். இதற்கென்று மொத்தமாக விற்கப்படும் ஆன்லைன் மூட்டைகள் பார்க்க மலிவு. ஆனால் வாங்கும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் அனுமதி எண் இருக்கிறதா, அது ஆர்.சி.எஃப்.இ. நிர்வாகிகளுக்கானதா, சான்றிதழில் மணி நேரமும் தேதியும் அச்சாகிறதா என்று பாருங்கள். நர்ஸ்களுக்கான தொடர்கல்வியை இங்கே கணக்கில் காட்டலாம் என்று சொல்லும் விற்பனையாளர் வாயை நம்பி 12 மணி நேரம் உட்கார்ந்துவிடாதீர்கள். தலைப்பில் "டிமென்ஷியா" என்று இருந்தும், அந்த 8 மணி நேரக் கணக்கில் சேராத பாடமும் வரலாம். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சான்றிதழ் காலாவதியானால் வேலை செய்ய முடியாது, தாமதக் கட்டணமும் உண்டு. காலாவதியாகி நான்கு வருடம் கடந்துவிட்டால் புதுப்பிக்கவே முடியாது. மறுபடி 80 மணி நேரம், மறுபடி தேர்வு. காலாவதித் தேதியைப் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மறதிக்காரர்களுக்கு அது உதவும்.

தொடர்கல்வியில் எதை எடுப்பது? ஓய்வு, மன அழுத்தம், தலைமைப் பண்பு என்று இனிமையான தலைப்புகள் நிறைய உண்டு. உட்காரவும் சுகமாக இருக்கும். நாங்கள் முதலில் தேர்வு செய்வது ஊழியர் பயிற்சிக் கணக்கைப் பற்றிய பாடத்தை. ஏனென்றால் ஆய்வாளர் வந்ததும் கேட்கும் கோப்புகளில் அதுவும் ஒன்று. நேரடிப் பராமரிப்பு ஊழியருக்கு 40 மணி நேரம்: தனியாக வேலை பார்க்கும் முன் 20, முதல் நான்கு வாரத்துக்குள் மீதி 20. அதன்பின் வருடத்துக்கு 20. மருந்து கொடுக்க உதவுகிறவர் என்றால் 16 பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் இல்லத்தில் 24 மணி நேரம், அதற்குக் குறைந்த இல்லத்தில் 10 மணி நேரம். இந்த எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் பாடம் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த தேதி, தனியாக முதல் ஷிஃப்ட் பார்த்த தேதி, பயிற்சி முடிந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் போடக் கற்றுத்தரும் பாடத்தை எடுங்கள். ஊழியர் திங்கட்கிழமை சேர்ந்து அன்றிரவே தனியாக ஷிஃப்ட் பார்த்திருப்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்துவிடும், ஆய்வாளருக்கு முன்னால் உங்களுக்கு.