லோங்ஜிங்கா, பிலுவோச்சுன்னா?

கிரீன் டீ என்றாலே கசப்பு என்று ஒதுங்கிப் போனவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டைத்தான். இரண்டும் கிழக்குச் சீனத்துத் தேயிலைகள், இரண்டும் மென்மையானவை. ஆனால் அந்த மென்மை ஒரே மாதிரி இல்லை.

லோங்ஜிங்கின் ஊர் ஜெஜியாங் மாகாணத்து ஹாங்ஜோ. அங்குள்ள மேற்கு ஏரியை ஒட்டிய குன்றுகளில் விளைகிறது. பெயருக்கு ‘டிராகன் கிணறு’ என்று பொருள். பிலுவோச்சுன், ஜியாங்சு மாகாணத்து சூஜோ பக்கம், தாய் ஏரியில் இருக்கும் தோங்திங் மலைகளுக்குச் சொந்தம். ‘பச்சை நத்தை வசந்தம்’ என்று அழகான பெயர். அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் அதை ‘ஆளை மிரட்டும் வாசனை’ என்றுதான் சொல்லிவந்தார்களாம். 1699-இல் வந்த காங்ஷி பேரரசர் பெயரை மாற்றினார் என்பது கதை. எனக்கென்னவோ பழைய பெயர்தான் பொருத்தம்.

இரண்டுக்கும் வசந்தத்தின் முதல் கொழுந்துதான் உயர்ந்த சரக்கு. ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்ததற்குத் தனி விலை. குளிரில் மெதுவாக வளர்ந்த அந்தக் கொழுந்தில் இனிப்பைத் தரும் அமினோ அமிலங்கள் அதிகம், துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் குறைவு.

வேறுபாடு தொடங்குவது சட்டியில். கொழுந்து கறுத்துப்போகாமல் இருக்க இரண்டையும் சூடான இரும்புச் சட்டியில் போட்டு வதக்குகிறார்கள். லோங்ஜிங்கை வெறுங்கையால் சட்டியோடு வைத்து அழுத்துவார்கள். அதனால் இலை, புத்தகத்துக்குள் வைத்து உலர்ந்ததுபோலத் தட்டையாக வரும். வாசனையைச் செஸ்ட்நட் என்பார்கள். எனக்கு வறுத்த பாசிப்பருப்புதான் நினைவுக்கு வருகிறது. பிலுவோச்சுனை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டுவார்கள். இலை சுருண்டு, மேலே வெள்ளைப் பூனைமயிர் எழும்பும். கொழுந்து அத்தனை பொடிசு: உயர்ந்த ரகத்தில் 500 கிராமுக்கு 60,000-க்கும் மேல் பறிக்க வேண்டும். அதன் சுவையில் பூவும் பழமும் லேசாக எட்டிப் பார்க்கும். அங்கே லோக்காட், பிளம் மரங்களுக்கு நடுவே தேயிலை வளர்வதால், பழ வாசம் இலையில் ஏறிவிடுகிறது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; நான் முழுசாக நம்பவில்லை.

சரி, போடும் விதம். ஒரு தம்ளருக்கு, அதாவது 150 மில்லிக்கு, 3 கிராம் போதும். லோங்ஜிங்குக்குத் தண்ணீர் 80 டிகிரி, பிலுவோச்சுனுக்கு இன்னும் குறைத்து 75. தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதித்த தண்ணீரை டபராவுக்கும் தம்ளருக்குமாக நாலைந்து தடவை ஆற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் சில டிகிரி இறங்கிவிடும். காப்பி ஆற்றிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

லோங்ஜிங்குக்கு முதலில் இலையைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றலாம். பிலுவோச்சுனுக்கு நேர்மாறு: முதலில் தண்ணீர், பிறகு மேலே இலை. கண்ணாடித் தம்ளரில் செய்து பாருங்கள், சுருள்கள் விழுந்த வேகத்தில் அடிக்குப் போய் மெல்ல அவிழும். தண்ணீர் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், அது இலையின் பூனைமயிர். இது தெரியாமல் முதல் தடவை தளதளவென்று கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றி, முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடித்தேன். விலையை நினைத்துக் கீழேயும் கொட்ட மனம் வரவில்லை.

முதல்முறை வாங்குகிறவர் என்றால் லோங்ஜிங்கையே எடுங்கள். தண்ணீர் கொஞ்சம் சூடு கூடினாலும், ஒரு நிமிடம் மறந்துவிட்டாலும் பொறுத்துப்போகும். நிதானமாக உட்கார நேரமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிலுவோச்சுன். அதே இலையில் இரண்டாவது தடவை ஊற்றும் தண்ணீரில் அதன் இனிப்பை லோங்ஜிங்கால் எட்ட முடியாது. நாலாவதில் ஒன்றும் மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

வாங்கும்போது ஒன்று. பொட்டலத்தில் ‘லோங்ஜிங்’ என்று மட்டும் இருந்தால் அது மேற்கு ஏரிச் சரக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜெஜியாங்கின் சியான்தாங், யுவேஜோ பகுதிகளில் விளைவதையும் அந்தப் பெயரில் விற்கச் சட்டப்படி இடமுண்டு. மேற்கு ஏரிச் சரக்கானால் ‘சிஹு லோங்ஜிங்’ என்றே போட்டிருக்கும். தினமும் குடிக்க மற்ற பகுதிச் சரக்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. எதை வாங்கினாலும் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். பிரித்தபின் காற்றுப்புகாத டப்பாவில், மசாலா டப்பாக்களை விட்டுத் தள்ளி வையுங்கள். பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்த லோங்ஜிங்கை நான் குடித்திருக்கிறேன்.